ஆண்டா, ஆக்கியவரா, காத்த அறையா? இத்தாலியச் சிவப்பு ஒயின் சேகரிப்பு: ஒரு மதிப்பாய்வு

1999-இல் அமெரிக்காவின் 'ஒயின் ஸ்பெக்டேட்டர்' இதழ், இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த பன்னிரண்டு ஒயின்களைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டது. பிரான்சின் புகழ்பெற்ற பெயர்கள் நிறைந்த அந்தப் பட்டியலில் இத்தாலிக்குக் கிடைத்த இடம் ஒன்றே ஒன்று. டஸ்கனியின் மொன்டால்சீனோ ஊரில் பியோண்டி சாந்தி குடும்பம் 1955 அறுவடையிலிருந்து ஆக்கிய, கூடுதல் காலம் முதிரவைக்கும் 'ரிசர்வா' வகைப் புருனெல்லோதான் அது. அந்த ஆண்டு டஸ்கனிக்கு நல்ல ஆண்டு. ஆனால் நல்ல திராட்சை கிடைத்த எல்லோருடைய ஒயினும் அரை நூற்றாண்டு தாங்கவில்லை. தாங்கியவற்றுள்ளும் எங்கே, யார் கையில், எப்படி இருந்தது என்ற தெளிவான வரலாற்றோடு நமக்குக் கிடைப்பவை மிகச் சில.

அரிய ஆண்டுகளின் இத்தாலியச் சிவப்பு ஒயினைச் சேகரிக்க விரும்புபவர் முதலில் தேடுவது ஆண்டுப் பட்டியலைத்தான். 1964, 1971, 1978, 1985, 1990 என்று மனப்பாடம் செய்துகொள்கிறார். அதற்கடுத்து விமர்சகர்களின் மதிப்பெண்ணைப் பார்க்கிறார். இந்த வழி இத்தாலிக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒயினை ஆக்கியவர் யார், பாட்டில் எங்கே காக்கப்பட்டது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பிறகுதான் இங்கே ஆண்டுக்கு இடம். இத்தாலிய ஒயினின் வரலாறும், நிலமும், நடந்து முடிந்த மோசடிகளும் அதையே சொல்கின்றன.

பழைய பாட்டில்கள் ஏன் இவ்வளவு குறைவு?

பிரான்சின் போர்தோ பகுதி 1855-லேயே தன் பண்ணைகளைத் தரவரிசைப்படுத்திவிட்டது. அங்கே வணிகர்களும், லண்டன் வாடிக்கையாளர்களும், பெட்டி பெட்டியாக வாங்கி நிலவறையில் அடுக்கும் பழக்கமும் தலைமுறைகளாக இருந்தன. பழைய போர்தோ பாட்டிலுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு ரசீது இருக்கும், ஒரு நிலவறை இருக்கும்.

இத்தாலியில் நிலைமை வேறு. பீட்மாண்டின் லாங்கே குன்றுகளில் வாழ்ந்த சிறு விவசாயி, தன் நெபியோலோ திராட்சையை அல்பா சந்தைக்குக் கொண்டுபோய் ஒயின் வணிகர்களிடம் விற்றுவிடுவார். வணிகர்கள் பல மேடுகளின் திராட்சையைக் கலந்து பரோலோ ஆக்கினார்கள். அதில் பெரும்பகுதி 54 லிட்டர் கொள்ளும் பெரிய கண்ணாடிக் குடங்களில் வீடுகளுக்குப் போய், அங்கேயே பாட்டிலில் ஊற்றப்பட்டது. டஸ்கனியில் நிலம் ஒருவருக்கும் உழைப்பு இன்னொருவருக்குமாக இருந்த வாரக் குத்தகை முறை 1960-கள் வரை நீடித்தது. தன் பெயரை லேபிளில் அச்சிட்டு, பாட்டிலை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் வசதி மிகச் சில குடும்பங்களுக்கே இருந்தது.

ஒயினின் பிறப்பிடத்தைச் சட்டம் காக்கத் தொடங்கியதே 1963-இல்தான். பரோலோவும் புருனெல்லோவும் 1966-இல் அந்தப் பாதுகாப்புக்குள் வந்தன, டி.ஓ.சி.ஜி. என்னும் உச்சத் தகுதியை 1980-இல் பெற்றன. தனித் தோட்டத்தின் பெயரை லேபிளில் இடும் வழக்கமும் அண்மையதுதான். புருனோட்டோ, வியேத்தி ஆகிய நிறுவனங்கள் 1961 அறுவடையில் அதைத் தொடங்கின. புருனோ ஜாக்கோசா 1964-இல் சாந்தோ ஸ்தெபானோ தோட்டத்துப் பார்பரெஸ்கோவைத் தனியாகப் பாட்டிலிட்டார். ஆகவே 1960-க்கு முந்திய இத்தாலிய பாட்டில் எண்ணிக்கையிலும் குறைவு, அதைப் பற்றிய ஆவணமும் குறைவு. பலவும் கடை அலமாரியிலும் உணவகப் பரணிலும் கோடைக்குக் கோடை வெந்து கிடந்தவை.

இதற்கு விலக்காக நின்ற சிலருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். பரோலோ ஊரின் போர்கோஞோ நிறுவனத்தில் சேசரே போர்கோஞோ, 1920-களிலிருந்து ரிசர்வா ஒயினில் பாதியை இருபது ஆண்டுகள் நிலவறையிலேயே வைத்திருக்கும் முடிவை எடுத்தார். பியோண்டி சாந்தி குடும்பத்தின் தாங்க்ரேதி, இரண்டாம் உலகப் போரில் போர்முனை மொன்டால்சீனோவை நெருங்கியபோது பழைய ரிசர்வாக்களைச் சுவர் எழுப்பி மறைத்தார். அபுருட்சோ மாநிலத்தில் எமிதியோ பேப்பே 1964 முதல் ஒவ்வொரு அறுவடையிலும் ஒரு பங்கை வீட்டிலேயே சேர்த்துவந்தார். விற்கும் நேரம் வந்ததும், கையால் வண்டல் பிரித்து, புதிய பாட்டிலுக்கு மாற்றி, புதுக் கார்க் அடித்தே அவர் குடும்பம் அனுப்புகிறது. இத்தாலியின் பழைய ஆண்டுகள் இன்று சுவைக்கக் கிடைப்பதற்கு இத்தகையோரின் பொறுமையே காரணம்.

எவற்றைச் சேகரிக்கிறார்கள்?

முதல் வரிசை பரோலோவும் பார்பரெஸ்கோவும். இரண்டும் நெபியோலோ திராட்சையிலிருந்து மட்டுமே ஆக்கப்படுபவை. பரோலோ குறைந்தது 38 மாதமும் அதில் 18 மாதம் மரப்பீப்பாயிலும் முதிர வேண்டும். ரிசர்வா என்றால் 62 மாதம். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம், ரிசர்வாவுக்கு 50. இளமையில் நெபியோலோ நாக்கைப் பிடித்து இழுக்கும் அளவு துவர்க்கும். புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்த அந்தக் கட்டுமானம்தான் முப்பது, நாற்பது ஆண்டு தாங்கும் பலத்தைத் தருகிறது. வயதாக ஆக நிறம் செங்கல் சிவப்புக்கு மாறும். ரோஜா, தார், காய்ந்த மூலிகை, காளான் என மணங்கள் ஒவ்வொன்றாக விரியும்.

இந்தப் பகுதியின் சிகரம் ஜாக்கோமோ கொன்தெர்னோவின் மொன்ஃபோர்தினோ. பெரிய பீப்பாய்களில் சுமார் ஏழு ஆண்டு முதிர்ந்த பிறகே அது வெளிவருகிறது. திருப்தி தராத ஆண்டுகளில் ஆக்கப்படுவதே இல்லை. ஜாக்கோசாவின் சிவப்பு லேபிள் ரிசர்வாக்கள், பர்தோலோ மஸ்கரெல்லோவின் பரோலோ, ஆஞ்செலோ காயாவின் மூன்று தனித்தோட்ட ஒயின்கள் ஆகியவை அடுத்து நிற்கின்றன. காயாவின் சோரி சான் லொரென்சோ 1967-லும், சோரி தில்தீன் 1970-லும், கோஸ்தா ரூசி 1978-லும் தொடங்கின.

இரண்டாவது, சாஞ்சியோவேசே திராட்சையின் புருனெல்லோ. ஃபெருச்சோ பியோண்டி சாந்தி 1888-இல் ஆக்கிய ரிசர்வாவிலிருந்து அதன் வரலாறு எண்ணப்படுகிறது. அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டின் ஜனவரிக்கு முன் அது விற்பனைக்கு வரக் கூடாது. ரிசர்வா ஆறாம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். இதே மொன்டால்சீனோவில் மிலானிலிருந்து வந்து குடியேறிய ஜான்ஃபிராங்கோ சொல்தேரா ஆக்கிய ஒயின், இன்று ஏலங்களில் மிகுதியாகத் தேடப்படும் பெயர்களில் ஒன்று.

மூன்றாவது போல்கெரி. மாரியோ இன்சிசா தெல்லா ரொக்கெத்தா என்ற பிரபு, டஸ்கனிக் கடலோரத்தில் 1944-இல் கபர்னே திராட்சைக் கொடிகளை நட்டார். பல ஆண்டுகள் அது வீட்டுக்கு மட்டுமான ஒயினாகவே இருந்தது. நிலவறையில் விட்டுவைத்தவை வருடம் ஏற ஏறச் சிறப்பதைக் கண்ட பிறகுதான் விற்பனைக்கு வந்தது. சாசிகாயா என்ற பெயரில் சந்தைக்கு வந்த அதன் முதல் அறுவடை 1968. 1978-இல் லண்டனில் 'டிகேன்டர்' இதழ் நடத்திய ஒப்பீட்டில் 1972 சாசிகாயா பல நாட்டுக் கபர்னேக்களை வென்றது. 1985-க்கு அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் நூற்றுக்கு நூறு கொடுத்தார். சட்டப்படி 'மேசை ஒயின்' என்ற கடைநிலைப் பெயரோடுதான் அது இத்தனை பெருமையும் பெற்றது. தனக்கான பிறப்பிடத் தகுதி 1994 அறுவடை முதல்தான் கிடைத்தது. டஸ்கனியின் வேறிடத்தில் பிறந்த தீன்யானெல்லோ 1971, சொலாயா 1978, போல்கெரியின் ஒர்னெல்லாயா 1985 என அடுத்தடுத்து வந்தவையும் இந்த வரிசையில் சேர்கின்றன.

இவற்றுக்கு வெளியே வெரோனாவின் அமரோனே இருக்கிறது. திராட்சையைத் தட்டுகளில் மூன்று, நான்கு மாதம் உலர்த்திப் பிழிவதால் செறிவு மிகுந்தது. 2012-இல் மறைந்த ஜூசெப்பே குவிந்தரெல்லி, தன் தரத்துக்கு எட்டாத ஆண்டுகளில் அமரோனே என்ற பெயரையே லேபிளில் இடாமல், 'ரோசோ தெல் பெப்பி' என்று விலை குறைத்து விற்றார். தெற்கே, மஸ்திரோபெரார்தினோ குடும்பத்தின் 1968 தௌராசி ரிசர்வா, அல்யானிக்கோ திராட்சையும் அரை நூற்றாண்டு வாழும் என்பதற்குச் சாட்சி. விலை இன்னும் கைக்கு எட்டும் பகுதி தெற்கு. சேகரிப்பாளர்கள் அதைப் புறக்கணிப்பது பெரும் இழப்பு.

ஆண்டு எவ்வளவு சொல்கிறது?

ஆண்டுக்கு மதிப்பே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1972-இல் பருவம் அவ்வளவு மோசமாக அமைந்ததால், அந்த அறுவடையைப் பரோலோ என்ற பெயரில் விற்பதில்லை என்ற முடிவுக்கு லாங்கே வந்தது. மாறாக 1961, 1964, 1971, 1978, 1982, 1989 ஆகியவை பீட்மாண்டில் நல்ல நிலவறையில் இருந்திருந்தால் இன்றும் பேசக்கூடியவை. டஸ்கனிக்கு 1955, 1964, 1975, 1985, 1990 அதே தகுதி உடையவை. நெபியோலோ தாமதமாகப் பழுக்கும் இனம். முன்பெல்லாம் அக்டோபர் கடைசி வரை மழை பெய்யாமல் இருக்க வேண்டும். பத்து ஆண்டில் இரண்டு, மூன்று முறைதான் அது வாய்த்தது. 'அரிய ஆண்டு' என்ற கருத்து பிறந்ததே இந்தப் பருவநிலையில்தான்.

ஆனால் ஆண்டைப் பற்றிய தீர்ப்புகள் பலமுறை தவறியிருக்கின்றன. 2002 கோடையில் லாங்கேயில் விடாத மழையும், அறுவடைக்கு முன் கடும் ஆலங்கட்டி மழையும் பொழிந்தன. பெயர்பெற்ற பலர் தங்கள் உயர் ஒயினை ஆக்காமல் விட்டார்கள். கொன்தெர்னோ குடும்பமோ செர்ராலுங்காவில் உள்ள தன் தோட்டத்தில் கிடைத்த திராட்சையை நம்பி மொன்ஃபோர்தினோ ஆக்கியது. அது இன்று அந்தப் பெயரின் பெரும் வெற்றிகளுள் ஒன்றாகப் பேசப்படுகிறது. ஆலங்கட்டி ஒரு மேட்டை அழித்து அடுத்த மேட்டை விட்டுவிடும். ஒரு மாநிலத்துக்கே ஒற்றை மதிப்பெண் தரும் அட்டவணை இதைக் காட்டாது.

எதிர்த்திசையிலும் சான்று உண்டு. பீட்மாண்டின் 2000 அறுவடைக்கு 'ஒயின் ஸ்பெக்டேட்டர்' ஆண்டு முழுமைக்குமே நூறு மதிப்பெண் கொடுத்தது; விலை ஏறியது. இருபது ஆண்டு கழித்து, அனுபவமுள்ள சுவைஞர்கள் 1996, 1999, 2001 ஆகியவற்றையே உயர்வாக வைக்கிறார்கள். டஸ்கனியின் 1997-உம் அப்படியே: வெளியானபோது கொண்டாடப்பட்ட பல பாட்டில்கள், அமைதியாக வந்த 1999, 2001 அளவுக்கு முதுமையைத் தாங்கவில்லை. வெப்பமான ஆண்டின் ஒயின் இளமையில் கவர்ந்துவிடும். நீண்ட ஆயுளுக்கு வேண்டிய புளிப்பு அதில் குறைவு. மதிப்பெண் வழங்கப்படுவதோ இளமையில்.

பரோலோ ஆக்கியவர்களில் தெயோபால்தோ கப்பெல்லானோ இதை முன்பே உணர்ந்தவர். 1983-இலேயே தன் ஒயினுக்கு மதிப்பெண் இட வேண்டாம் என்று விமர்சகர்களைக் கேட்டுக்கொண்டு, அந்த வேண்டுகோளை லேபிளிலும் அச்சிட்டார்.

ஆண்டைவிட ஆக்கும் முறை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1980, 90-களின் 'பரோலோ போர்' சான்று. எலியோ அல்தாரே 1983-இல் தந்தையின் பழைய பெரும் பீப்பாய்களை இயந்திர ரம்பத்தால் அறுத்தார். அவரும் அவரைப் பின்பற்றிய இளைஞர்களும் 225 லிட்டர் பிரெஞ்சு ஓக் பீப்பாய்க்கும், குறுகிய நொதித்தலுக்கும் மாறினார்கள். மறுபுறம் பர்தோலோ மஸ்கரெல்லோ கடைசி வரை பெரும் பீப்பாயை விடவில்லை. சிறு பீப்பாயும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று லேபிளில் கையால் வரைந்தே எழுதினார். நவீன அணி தூய்மையான நிலவறை, குறைந்த விளைச்சல் ஆகிய நல்ல பழக்கங்களை லாங்கே முழுமைக்கும் கொடுத்தது. அதை மறுக்கக் கூடாது. ஆனால் ஒரே 1990-இன் இரு பாட்டில்கள், ஒன்று புது ஓக்கின் வனிலாவில் மூழ்கியும் மற்றொன்று நெபியோலோவின் குணம் மாறாமலும் இன்று நிற்கின்றன. லேபிளில் உள்ள ஆண்டு இரண்டுக்கும் ஒன்றே.

மோசடியும் அழிவும்

சேகரிப்பின் மறுபக்கம் போலி. 1986-இல் மலிவு ஒயினில் மெத்தனால் கலந்ததால் இத்தாலியில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயர் ஒயினுக்கு அதில் தொடர்பில்லை. ஆனாலும் பீட்மாண்டின் பெயரே உலகச் சந்தையில் சரிந்தது. 2008-இல், சாஞ்சியோவேசே மட்டுமே இருக்க வேண்டிய புருனெல்லோவில் வேறு திராட்சை கலக்கப்பட்டதாக 2003 அறுவடை மீது விசாரணை எழுந்தது. அமெரிக்கா இறக்குமதியை நிறுத்தும் நிலைக்கு வந்தது. பெரும் நெருக்கடிக்குப் பின்னும் மொன்டால்சீனோ உற்பத்தியாளர்கள் ஒற்றைத் திராட்சை விதியைக் கைவிடாமல் நின்றது பாராட்டுக்குரியது.

2020 அக்டோபரில் இத்தாலிய நிதிக் காவல்துறை போலி சாசிகாயா ஆலை ஒன்றைக் கண்டுபிடித்தது. ஒயின் சிசிலியிலிருந்தும், பாட்டில்கள் துருக்கியிலிருந்தும், லேபிளும் தாள்களும் பல்கேரியாவிலிருந்தும் வந்தன. போலி செய்யப்பட்டவை 2010 முதல் 2015 வரையான அறுவடைகள். போலி என்றால் அரை நூற்றாண்டுப் பழையது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கைக்கு எளிதாகக் கிடைக்கும் புதிய ஆண்டுகளையே மோசடிக்காரர்கள் குறிவைத்தார்கள். சந்தை விலையைவிட மிகக் குறைவாக விற்கப்பட்டதே முதல் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

அரிதாக்கும் வேறு துயரமும் உண்டு. 2012 டிசம்பரில் ஒருவன் இரவில் சொல்தேராவின் நிலவறைக்குள் புகுந்து பீப்பாய்க் குழாய்களைத் திறந்துவிட்டான். 2007 முதல் 2012 வரையான ஆறு அறுவடைகளின் 62,600 லிட்டர் ஒயின் சாக்கடையில் ஓடியது. அவ்வாண்டுகளில் எஞ்சியது மிகச் சிறிதளவே; விலை தாவி ஏறியது. அந்த விலை ஒயினின் தரத்தைச் சொல்வதில்லை, நடந்த குற்றத்தின் அளவைச் சொல்கிறது. வாங்குபவர் இந்த வேறுபாட்டை மறக்கலாகாது.

பாட்டிலைப் படிக்கும் முறை

பழைய பாட்டில் கைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஒயின் நிற்கும் மட்டம். கார்க் வழியாக ஆண்டுதோறும் சிறிது ஆவியாவது இயற்கை. ஐம்பது வயதுப் பாட்டிலில் மட்டம் தோளின் மேற்பகுதியில் நின்றால் கவலையில்லை. தோளுக்குக் கீழே போயிருந்தால் காற்று உள்ளே வேலை செய்திருக்கும். மட்டம் கழுத்து வரை நிரம்பியிருந்தாலும் கேள்வி கேட்க வேண்டும். பியோண்டி சாந்தி பண்ணை பழைய ரிசர்வாக்களைத் திறந்து சுவைத்து, அதே ஆண்டு ஒயினால் நிரப்பிப் புதுக் கார்க் இட்டுச் சான்று தந்த வழக்கம் உண்டு. அத்தகைய சான்று இல்லாமல் முதியவர் முகத்தில் இளமை தெரிந்தால் நம்பக் கூடாது.

அடுத்தது நிறம். பாட்டிலை விளக்குக்கு எதிரே பிடித்தால் பழைய நெபியோலோ தெளிவான செங்கல் நிறத்தில் இருக்க வேண்டும். கலங்கிய பழுப்பு, வெந்துபோனதன் அடையாளம். கார்க் வெளியே தள்ளியிருந்தாலோ மூடியின் ஓரத்தில் ஒழுகிய கறை இருந்தாலோ வெப்பம் பட்டிருக்கிறது. 1970-களுக்கு முந்திய பல இத்தாலிய பாட்டில்கள் 72 சென்டிலிட்டர் கொள்ளளவு கொண்டவை. இத்தகைய சிறு விவரங்களைப் போலி செய்பவர் அடிக்கடி தவறவிடுவார்.

எல்லாவற்றுக்கும் மேலானது பாட்டில் நடந்துவந்த வழி. ஆக்கிய பண்ணையின் நிலவறையிலிருந்து நேராக வருவது முதல் தரம். ஒரே உரிமையாளர், வாங்கிய ரசீது, வெப்பம் கட்டுப்படுத்திய கிடங்கு என்பது இரண்டாம் தரம். இவை எதுவும் இல்லாத 1961 பரோலோவைவிட, இவை அனைத்தும் உள்ள 1967 பரோலோவே நல்ல வாங்கல்.

வாங்கிய பிறகு பொறுப்பு நம்முடையது. 12 முதல் 14 டிகிரி வெப்பம், 70 சதவீத அளவில் ஈரப்பதம், இருட்டு, அசைவின்மை, கார்க் நனையும்படி படுக்கவைத்தல் ஆகியவை போதும். சென்னையைப் போன்ற வெப்பமான ஊரில் சாதாரண அலமாரியில் ஒரு கோடை வைத்தாலே ஒயின் கெடும். அதற்கென உள்ள குளிர் அலமாரியோ தொழில்முறைக் கிடங்கோ இல்லாதவர் இந்த வேலையில் இறங்கக் கூடாது. திறப்பதற்கு ஒரு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் தங்கும்.

சந்தையும் மாறும் பருவமும்

லண்டனின் லிவ்-எக்ஸ் ஒயின் சந்தை, இத்தாலிக்கென்றே தனிக் குறியீட்டை வைத்திருக்கிறது. 2022-க்குப் பிறகு உயர் ஒயின் விலைகள் பரவலாகச் சரிந்தபோது இத்தாலி மற்ற பகுதிகளைவிடக் குறைவாகவே விழுந்தது. இதைக் காட்டி முதலீடாக விற்கும் தரகர்கள் பெருகியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் குறியீடு அளப்பது சாசிகாயா போல அதிகம் கைமாறும் பெயர்களின் அண்மை ஆண்டுகளை. அரிய பழைய ஆண்டுகளின் விலையை ஒவ்வொரு பாட்டிலின் நிலைதான் தீர்மானிக்கிறது. அவற்றுக்குப் பொதுவான சந்தை விலை என்று ஒன்று கிடையாது.

இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருக்கிறது. வெப்பம் கூடியதால் நெபியோலோ அறுவடை முன்னதாக வருகிறது. பீட்மாண்டில் 1996 முதல் 2001 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து நல்லவையாக அமைந்தன. அதன்பின் 2004, 2006, 2010, 2013, 2016 வந்தன. பத்தாண்டுக்கு இரண்டு, மூன்று என்றிருந்த நல்ல அறுவடை இன்று அதைவிட அடிக்கடி வாய்க்கிறது. ஆகவே ஆண்டு அரிதாக இருந்த காலம் முடிந்துவிட்டது. இனி அரிதாவது நன்றாகக் காக்கப்பட்ட பாட்டில்தான்.

முடிவு

இவற்றை வைத்துப் பார்த்தால் வரிசை தெளிவாகிறது. முதலில் ஆக்கியவரின் பெயர்: மோசமான ஆண்டில் தன் உயர் ஒயினை ஆக்காமல் விடும் துணிவு உள்ளவரா என்று பாருங்கள். இரண்டாவது, பாட்டில் காக்கப்பட்ட வரலாறு. மூன்றாவதாக ஆண்டு. மதிப்பெண் கடைசி. புதிதாகத் தொடங்குபவர் 1961-ஐ ஏலத்தில் துரத்துவதைவிட, 2013 அல்லது 2016 பரோலோவையும் 2016 புருனெல்லோவையும் நம்பகமான வணிகரிடம் ரசீதோடு வாங்கித் தானே காத்து முதிரவைப்பது நல்லது. ஆறு பாட்டில் வாங்கினால், சில ஆண்டுக்கு ஒன்றாகத் திறந்து அதன் வளர்ச்சியைக் கூடவே அறியலாம். ஒயின் குடிப்பதற்காக ஆக்கப்பட்டது. பெட்டி பிரிக்கப்படாமலே கிடங்கிலிருந்து கிடங்குக்கு விற்றுக் கைமாறும் பாட்டிலால் ஆக்கியவருக்கும் பெருமையில்லை, வாங்கியவருக்கும் பயனில்லை. உரிய வயதில் திறந்து, நல்ல உணவோடு, அருமை தெரிந்தவர்களுடன் பகிருங்கள்.